காரில் ஒரு கிரிவலம்

1

திருவண்ணாமலைக்காரனுக்கு வழி கேட்கத் தெரியாது. கேட்டுப் பழக்கமில்லை. ஊரில் எந்தச் சந்தில் நின்றாலும் தலையைத் தூக்கினால் மலை தெரியும். மலை இந்தப் பக்கம் என்றால் பஸ் ஸ்டாண்டு அந்தப் பக்கம், கோயில் நடுவில். அவ்வளவுதான் எங்கள் பூகோளம். காலேஜில் படிக்கும்போது, செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்கள் வாடகை சைக்கிளை நிறுத்தி எங்களிடம் வழி கேட்பார்கள். ‘மலைய ரைட் சைடுல வச்சிக்க, போயிட்டே இரு’ என்று கையைக் காட்டி அனுப்புவோம். எங்கே போக வேண்டும் என்று கேட்டதே கிடையாது. மலையைச் சுற்றிக்கொண்டு சாயங்காலம் அதே இடத்தில் வந்து நின்று, எங்களைக் கும்பிட்டு நன்றி சொன்னவர்களும் உண்டு.

அந்தப் பாவம் போன வெள்ளிக்கிழமை நியூசிலாந்தில் என்னைப் பிடித்தது.

இன்றைக்கு ஞாயிறு. நாளைக்குக் காலையில் ஊருக்கு விமானம். வசந்தா பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். நான் மடித்து வைத்த புடவைகளைப் பிரித்து மறுபடியும் மடித்தவள், மூன்றாவது புடவையில் பொறுமை போய், ‘ஏங்க, நீங்க போயி எதுனா எழுதுங்களேன்’ என்று மரியாதையாகத் துரத்திவிட்டாள். கால் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தது போக, உட்கார்ந்து எழுதுகிறேன்.

2

எட்டு வருஷமாக வசந்தா ஊரைப் பார்க்கவில்லை. அவளுடைய பெரிய தங்கச்சி கல்யாணத்துக்கு எனக்கு லீவு இல்லை. இரண்டாவது தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு இருந்தது, வேறு ஏதோ இல்லை. மிச்சமிருப்பவள் கோமதி ஒருத்திதான். வருகிற வெள்ளிக்கிழமை திருவண்ணாமலையில் அவளுக்குக் கல்யாணம். நாலு மாசத்துக்கு முன்னாலேயே டிக்கெட் எடுத்தாயிற்று. ‘இதுக்குப் போகலன்னா அப்புறம் நான் எதுக்கும் போக வேணாம்’ என்று வசந்தா சொன்னாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

ஒரு வேலை மட்டும் பாக்கி. எங்கள் இரண்டு பேருடைய பாஸ்போர்ட்டும் காலாவதியாகியிருந்தது. மகள் உமா அம்மாவின் பாஸ்போர்ட்டிலேயே சேர்த்தி. பாரத்தை நிரப்பி வெலிங்டனில் நம்ம நாட்டு அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பினால் முத்திரை குத்தித் திருப்பி அனுப்புவார்கள். ‘அனுப்பிட்டீங்களா?’ என்று வசந்தா வாரம் ஒரு தடவை கேட்டாள். ‘ஆயிட்டே இருக்கு’ என்று வாரம் ஒரு தடவை சொன்னேன். போன வாரம் திங்கட்கிழமை மேஜை டிராயரில் அவளே எடுத்துப் பார்த்தபோது பாரம், போட்டோ, பாஸ்போர்ட் எல்லாம் ஒரே ரப்பர் பேண்டில் கட்டிப் பத்திரமாக இருந்தன. இனி தபாலுக்கு நேரமில்லை. நேரில் போக வேண்டும். எனக்கு லீவு கிடைத்தது வியாழனும் வெள்ளியும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அலுவலகம் மூடுவார்கள். திங்கட்கிழமை விமானம். கணக்கு சுலபம்.

பாரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வந்த புதுசில் ஒரு பாரத்தில் குடும்பப் பெயர் என்று கேட்டிருந்தார்கள். அப்படி ஒன்று எங்களுக்கு இல்லை என்று சொன்னேன். ஏதாவது எழுதியே ஆக வேண்டும் என்றார்கள். அப்பா பெயரை எழுதினேன். அன்றிலிருந்து நான் மிஸ்டர் முனுசாமி. பால் பவுடர் ஃபேக்டரியில் சோதனைக்கூடத்தில் வேலை எனக்கு. காலையில் உள்ளே நுழைந்ததும் நாலு பேர் ‘குட்மார்னிங், மூனு’ என்று எங்கப்பாவைக் கூப்பிடுவார்கள். நான் திரும்பிப் பார்ப்பேன். இதில் பெரிய கஷ்டம் வசந்தாவுக்கு. மாமனார் பேரை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள். இங்கே அவள் மிஸஸ் முனுசாமி. ஆஸ்பத்திரியிலும் பேங்கிலும் பேர் கேட்டால் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பாள். யாரும் இல்லையென்றால் பைக்குள்ளிருந்து ஏதாவது காகிதத்தை எடுத்துக் காட்டுவாள். எட்டு வருஷத்தில் ஒரு தடவை கூட அவள் அந்தப் பேரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்பா திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். தனியார் பஸ்களைக் கிளப்பிவிடும் வேலை. கையில் ஒரு நோட்டு, வாயில் விசில். ஒரு நிமிஷம் கூட நிற்க விட மாட்டார். என்னை மெட்ராஸ் பஸ்ஸில் ஏற்றிவிட்டபோதும் அப்படித்தான். நான் படிக்கட்டில் நின்று ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். ‘ஏறுடா, டைம் ஆச்சு’ என்று விசில் அடித்துவிட்டார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் இறந்துபோனார். தந்தி என் கைக்கு வந்தபோது எல்லாம் முடிந்து இரண்டு நாள். கொள்ளி வைத்தது என் தம்பி ஏழுமலை. கீழ்பென்னாத்தூரில் எங்கள் நிலத்தையும் வீட்டையும் பார்த்துக்கொள்கிறவன் அவன். நான் அவனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எனக்குக் கைவந்த ஒரே வித்தையைக் காட்டினேன். ‘இனிமே பஸ் ஸ்டாண்டுல பஸ்ஸெல்லாம் அது அது இஷ்டத்துக்குக் கிளம்பும், போ’ என்று எழுதினேன். பதில் வந்தது. ‘அண்ணனுக்கு, காரியம் எல்லாம் முறைப்படி முடிந்தது. ஏழுமலை.’ அதற்குப் பிறகு அவனிடமிருந்து கடிதம் இல்லை. நானும் எழுதவில்லை. ஊருக்கும் போகவில்லை.

3

நாங்கள் இருக்கும் இடத்திலிருந்து வெலிங்டனுக்குத் தீவின் நடு வழியாகப் போகும் பெரிய ரோடு ஒன்று இருக்கிறது. எல்லாரும் அதில்தான் போவார்கள். ‘கடலோரமா போலாம். மலை, கடல் எல்லாம் உமா பாத்த மாதிரி ஆச்சு’ என்றேன் நான். வசந்தா என்னை ஒரு பார்வை பார்த்தாள். ‘நேரம் ஜாஸ்தி ஆகுமா?’ ‘கொஞ்சம். நடுவுல தங்கிட்டுப் போனா சரியா இருக்கும்.’

வியாழக்கிழமை நன்றாகத்தான் போயிற்று. மேடும் பள்ளமுமாகப் பச்சை. மலை இடுக்கில் ஆற்றை ஒட்டி நெளிந்து நெளிந்து போன ரோடு, ஒரு வளைவில் சட்டென்று எங்களைக் கடலின் முன்னால் கொண்டுபோய் விட்டது. மணல் கறுப்பு. உமா இறங்கி இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்து காட்டினாள். வசந்தா வாங்கி மோந்து பார்த்து, ‘இட்லிப் பொடி மாதிரி இருக்கு’ என்றாள். காரில் தயிர்சாதம் சாப்பிட்டோம். இங்கே ரோட்டோரத்தில் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கையால் பிசைந்து சாப்பிடுகிற குடும்பத்தைப் பார்த்தால் போகிறவர்கள் வேகத்தைக் கம்மி பண்ணுவார்கள். நான் எல்லாருக்கும் கையசைத்தேன். பருக்கை பறந்தது.

அப்புறம் மலை ஏற்றம், காட்டுக்குள் ஒரு சின்னச் சுரங்கம், இறக்கம். அதற்கப்புறம் அது தெரிந்தது.

ஒற்றை மலை. சுற்றி எங்கேயும் துணைக்கு ஒரு குன்று கூட இல்லை. சமதரையிலிருந்து தனியாக எழுந்து, தலையில் பனியோடு. எக்மாண்ட் என்று பேர். நான் காரை ஓரம் கட்டிவிட்டேன். எட்டு வருஷமாக இந்த நாட்டில் மலைகளுக்குக் குறைவில்லை, ஆனால் எல்லாம் கும்பல் கும்பலாக நிற்கும். தனியாக நிற்கிற மலையை அன்றைக்குத்தான் பார்த்தேன். வலது கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று.

‘அப்பா, இது சாமியா?’ என்றாள் உமா. பதிமூன்று வயசு. வந்தபோது ஐந்து. தமிழ் புரியும், பேச்சில் கொஞ்சம் கல் இருக்கும்.

‘இல்லம்மா. நம்மூரு மலை ஊட்டு ஆளு மாதிரி இருக்குது, அவ்ளோதான்.’

ராத்திரி தங்கிய நியூ பிளைமவுத் மோட்டலின் சொந்தக்கார அம்மாளிடம் எங்கள் ஊர் மலையைப் பற்றிப் பெருமையடித்தேன். பௌர்ணமிக்கு வெறுங்காலோடு சுற்றி வருவோம் என்றேன்.

‘சுற்றிக்கொண்டு எங்கே போவீர்கள்?’

‘கிளம்பின இடத்துக்கே.’

‘அப்படியானால் கிளம்பாமலே இருக்கலாமே’ என்றாள்.

காலையில் அவளே வாசலில் நின்று வழி சொன்னாள். ‘மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு போங்கள். ஒரு மணி நேரத்தில் ஹாவெரா வரும். அங்கே மலைக்கு முதுகைக் காட்டிவிட்டு இடப்பக்கம் திரும்புங்கள். பிறகு கடல் வலப்பக்கம் வரும். அவ்வளவுதான்.’

முதல் வாக்கியத்தை மட்டும் நான் கேட்டேன்.

4

உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மலை வலப்பக்கம் இருந்தால் நம்ம ஊர் ஆளின் உடம்பு தானாக நடக்கும். ஏழுமலையும் நானும் அப்படித்தான் நடந்திருக்கிறோம். நான் வழியெல்லாம் வாயால் நடப்பேன், அவன் காலால் நடப்பான். அவன் பாதி மலை சுற்றும்போது நான் எங்கேயோ உட்கார்ந்து யாரிடமோ கதை பேசிக்கொண்டிருப்பேன். திரும்பி வந்து, ‘எழுந்துரு, அப்பா டூட்டி முடிச்சி வந்துடுவாரு’ என்று சட்டையைப் பிடித்து இழுப்பான். என்னைவிட நாலு வயசு சின்னவன்.

எட்டு மணிக்குக் கிளம்பினோம். மேகமே இல்லை. மலை வலது ஜன்னலில் கூடவே வந்தது. பால் மாடுகள் வரிசையாக நின்று பார்த்தன. ஒன்பது மணிக்கு ஹாவெரா வந்தது. ரோடு இரண்டாகப் பிரிந்தது. ஒன்று மலையை விட்டு விலகி எங்கேயோ போயிற்று. இன்னொன்று மலையோடு போயிற்று. நான் யோசிக்கக்கூட இல்லை. ஸ்டீரிங் தானாகத் திரும்பியது.

‘அப்பா, அந்த லேடி லெஃப்ட்னு சொன்னாங்க’ என்றாள் பின்சீட்டிலிருந்து உமா. மடியில் மேப்பை விரித்து வைத்திருந்தாள்.

‘அது பெரிய ரோடு. நாம கடலோரமா போறோம்.’

பத்து நிமிஷத்தில் கடல் வந்தது. அழகென்றால் அப்படி ஓர் அழகு. ஒரு பக்கம் பனி மலை, ஒரு பக்கம் நுரை. நான் மூன்று இடத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தேன். வசந்தா காரை விட்டு இறங்கவில்லை.

‘அப்பா, கடல் ரைட்ல வரணும். இது லெஃப்ட்ல இருக்கு.’

‘கடலு எங்க ஓடிடப் போவுது. வரும்.’

‘மேப்ல பாத்தா நாம திரும்பி…’

‘உங்கப்பனுக்கு மேப்பு காட்றியா? மலைய பாத்து வளந்தவன்டி நானு.’

அவள் மேப்பை மடித்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் ஒரு குணம். ஒரு தடவை சொல்வார்கள், இரண்டு தடவை சொல்வார்கள், அதற்கப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். நம்மை நம் போக்கில் விட்டுவிடுகிறார்கள். அது எவ்வளவு ஆபத்து என்று அவர்களுக்கும் தெரிவதில்லை, நமக்கும் தெரிவதில்லை.

கொஞ்சம் கழித்து ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள். ‘தாத்தா எப்போ செத்தான்?’

‘அடியே’ என்றாள் வசந்தா. ‘தாத்தாவ அப்படிச் சொல்லக் கூடாது. இறந்துட்டாருனு சொல்லு.’

‘சாரி. எப்போ இறந்துட்டாரு?’

‘உங்கப்பாவ கேளு.’

நான் ஒரு மாட்டைக் காட்டி, அது எங்கள் ஃபேக்டரி மேனேஜர் மாதிரியே இருக்கிறது என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

பத்தே முக்காலுக்கு ஒரு ஊர் வந்தது. நல்ல பெரிய ஊர். எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. இந்த நாட்டில் எல்லா ஊரும் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே தண்ணீர் பிடிக்கப் பெட்ரோல் பங்கில் நுழைந்தேன். நீலத் தொப்பி போட்ட ஓர் ஆள் வெளியே வந்தான். குனிந்து என் முகத்தைப் பார்த்தான்.

‘மறுபடியும் வந்துவிட்டீர்களா?’ என்றான்.

காலையில் எட்டு மணிக்கு இதே ஆள்தான் எங்களுக்கு டேங்க்கை நிரப்பியிருந்தான்.

5

மலையை ஒரு முழுச் சுற்று சுற்றியிருந்தேன். வெறுங்கால் என்பது ஒன்றுதான் குறை. நான் அந்த ஆளிடம் எங்கள் ஊர் வழக்கம் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவன் மரியாதையாகத் தலையாட்டினான். காரைச் சுற்றி வந்து மறுபக்கக் கதவைத் திறந்து, ‘கிரிவலம் நல்லபடியா முடிஞ்சுதுங்க அம்மணி, பிரசாதம் ஒண்ணுதான் பாக்கி’ என்றேன்.

வசந்தா இறங்கினாள். தண்ணீர் குடித்தாள். உமாவுக்கும் கொடுத்தாள். பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினாள்.

‘நீங்க வழி தெரியாம சுத்தலைங்க.’

‘சத்தியமா தெரியாமதான்…’

‘இருங்க. நான் சொல்லி முடிக்கிறேன். நாலு மாசமா பாரத்த டிராயர்ல வச்சிருந்தீங்க. சரி, சோம்பேறினு நெனச்சேன். நேத்து நேர் ரோட்ட உட்டுட்டு இந்த ரோட்டுல வந்தீங்க. சரி, கொழந்தைக்குக் காட்டணும்னு நெனச்சேன். காலைல நீங்க குளிக்கப் போனப்ப பாரத்த எடுத்துப் பாத்தேன். எல்லாத்தையும் ரொப்பிட்டீங்க. ஒரு எடத்துல மட்டும் ஒண்ணும் பண்ணல.’

எந்த இடம் என்று அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். தந்தை பெயர். அதற்குப் பக்கத்தில், உயிருடன் இருக்கிறார், இறந்துவிட்டார் என்று இரண்டும் அச்சடித்திருக்கும். பொருந்தாததை அடிக்க வேண்டும். பெயரை எழுதியிருந்தேன். இரண்டில் எதையும் அடிக்கவில்லை. ஒவ்வொரு வாரமும் எடுப்பேன், பேனாவைத் திறப்பேன், டீ குடிக்கப் போய்விடுவேன்.

‘உங்களுக்கு ஊருக்குப் போக பயம்’ என்றாள் வசந்தா. ‘உங்க தம்பி முன்னாடி நிக்க பயம். அதுக்கு நான் என்னாங்க பண்ணுவேன்? எங்கூட்டுக் கல்யாணத்த ஏன் அதுல சேக்கறீங்க? கோமதிய பத்து வயசுல உட்டுட்டு வந்தேன். அவ மொகம் எனக்கு போட்டோலதான் தெரியும்.’

என்னிடம் ஒரு ஜோக் இருந்தது. எப்போதும் ஒன்று இருக்கும். வாய் வரைக்கும் வந்ததை உமா பார்த்துவிட்டாள். ‘வேணாம்ப்பா’ என்றாள்.

முன்சீட்டில் உமா உட்கார்ந்தாள். மேப் அவள் கையில். வசந்தா பின்னால் போனாள். ‘எந்தப் பக்கம்?’ என்று என் வாழ்க்கையில் முதல் தடவையாக வழி கேட்டேன். பதிமூன்று வயசுப் பெண்ணிடம்.

6

அதே ரோடு, அதே மாடுகள். ஒரே மலையை ஒரே காலையில் ஒன்றரைச் சுற்று. ஹாவெராவில் உமா, ‘லெஃப்ட்’ என்றாள். திரும்பினேன். மலை கண்ணாடிக்குள் போயிற்று. முதுகில் வெயில் அடிக்கிற மாதிரி ரொம்ப தூரம் அது பின்னாலேயே தெரிந்துகொண்டிருந்தது. பிறகு இல்லை. கடல் வலப்பக்கம் வந்தது.

அங்கிருந்து நாலு மணி நேரம். எங்கேயும் நிற்கவில்லை. கடலோரமாக ரோடும் ரயில் தண்டவாளமும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போகிற இடத்தில் அலை தெறித்து முன்கண்ணாடியில் விழுந்தது. துடைப்பானைப் போட்டேன். ‘அறுபத்தி எட்டு கிலோமீட்டர்… அறுபது…’ என்று உமா சொல்லிக்கொண்டே வந்தாள். பின்சீட்டில் வசந்தா இரண்டு பாஸ்போர்ட்டையும் மடியில் வைத்து, மேலே கையை வைத்திருந்தாள். கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கைதான் தெரிந்தது.

மூணு அம்பத்தி மூணுக்கு அலுவலக வாசல். வசந்தா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியில் ஓடியதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கவுன்ட்டரில் இருந்தவர் வடக்கத்திக்காரர், வழுக்கை, மேஜையைப் பூட்டிக்கொண்டிருந்தார். எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பி மறுபடியும் திறந்தார்.

‘பெயர்?’ என்று வசந்தாவைக் கேட்டார்.

‘வசந்தா.’

‘குடும்பப் பெயர்?’

அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு மூச்சு வாங்கியது. உமா எட்டி நின்று, ‘முனுசாமி’ என்றாள். பள்ளிக்கூடத்தில் சொல்கிற மாதிரி அழுத்தி, முழுசாக, ஒரு எழுத்து விடாமல் சொன்னாள்.

வசந்தாவின் பாரத்தில் குறை இல்லை. அடுத்தது என்னுடையது. அவர் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கி வந்து ஓரிடத்தில் நின்றது.

‘இதில் ஒன்றை அடிக்க வேண்டும், சார்.’

‘தெரியும்’ என்றேன்.

அவர் பேனாவை நீட்டினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவசரப்படுத்தவில்லை. வசந்தாவின் வேலை முடிந்துவிட்டது. அவளும் உமாவும் போகலாம். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டால், ‘ஐயோ, நேரமாகிவிட்டது, என்னுடையது திங்கட்கிழமைதானாம்’ என்று முகத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பலாம். அது எவ்வளவு சுலபம் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. நாலு மாசமாக நான் எதற்காகச் சுற்றிக்கொண்டிருந்தேனோ அது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

உயிருடன் இருக்கிறார் என்பதை அடித்தேன். கோடு நேராக வரவில்லை. நடுவில் ஒரு தடவை பேனா நின்றுவிட்டது. மறுபடியும் ஆரம்பித்து மிச்சத்தை அடித்தேன்.

அவர் காகிதத்தை இழுத்துக்கொண்டு, ‘உட்காருங்கள்’ என்றார்.

சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்தோம். நான், உமா, அந்தப் பக்கம் வசந்தா.

‘அம்மா, சித்தப்பாவ பாத்தா மொதல்ல நான் என்ன பேசணும்?’ என்றாள் உமா.

‘நீ எதுவும் பேச வேணாம். மொதல்ல உங்கப்பா பேசட்டும்’ என்றாள் வசந்தா. பிறகு என் பக்கம் குனிந்து, ‘இங்கயே ஒரு தபா சொல்லிப் பாருங்க. நாங்கதான இருக்கோம்’ என்றாள்.

உள்ளே முத்திரை குத்துகிற சத்தம் கேட்டது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

‘ஏழுமலை’ என்பது வரைக்கும் வந்தது.